விலகல் கூட்டம்

"இன்னியோட நமக்குள்ள உறவு முடியுது. மனசு கனத்துப்போய் இதைச் சொல்றேன்" என்று மைக்கில் சொன்ன மாணவர் சங்கத் தலைவியின் முகத்தில் கனம் ஒன்றும் தெரியவில்லை. பல்லெல்லாம்தான் தெரிந்தது.

வாசலில் நின்ற தேசிய மாணவர் பேரவை அமைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேரவையை விட்டு விலகுவதா, நீடிப்பதா என்று இந்தக் கல்லூரிச் சங்கம் இன்று ஓட்டெடுப்பு நடத்துகிறது. பேரவைக்காரர்கள் எங்கேயும் நேரத்துக்கு வந்ததில்லை என்ற கெட்ட பெயரைத் துடைக்கவே அவர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்திருந்தார். அதற்குள் ஆரம்பித்து, முடிவும் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு கல்லூரிகள் கழன்றுகொண்டன. மூன்றாவதும் போனால் நீயும் அப்படியே வீட்டுக்குப் போய்விடு என்று பேரவைத் தலைவர் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்.

ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. மேடையில் பூச்செண்டும் கையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஓட்டெடுப்பை மேற்பார்க்க வந்த பேராசிரியராக இருக்கும். அவர் முன்னால் மேஜை மேல் ஓட்டுப்பெட்டி. அதற்குக்கூட ஜிகினாக் காகிதம் சுற்றியிருந்தார்கள். பேரவையைக் கைகழுவுவதில் இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு குஷி.

அமைப்பாளர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையேறினார். தலைவி அவரை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணே, நீங்க இப்ப..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"எங்க தரப்புக்கும் பேச உரிமை இருக்கும்மா" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் உருப்போட்டு வந்த புள்ளிவிவரமெல்லாம் காற்றோடு போயிற்று. நெஞ்சில் இருந்தது வாயில் வந்தது.

"நீங்க போகக் கூடாது. தப்பு எங்க மேலதான். உங்க அருமை தெரியாம இருந்துட்டோம். நீங்க கூப்பிட்டப்ப வரல, சொன்னதைக் காதுல போட்டுக்கல. முதுகுக்குப் பின்னால கேலிகூடப் பண்ணியிருக்கோம்."

கூடத்தில் ஒரு முகத்திலும் ஈயாடவில்லை. அடி சரியான இடத்தில்தான் விழுகிறது என்று அவருக்குத் தெம்பு வந்தது. முன்வரிசையில் ஒரு குண்டுப் பையன் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்றான். எதிர்க்கோஷ்டிக்காரனாக இருப்பான் என்று அவனைச் சட்டை செய்யவில்லை. தலைவி பின்னாலிருந்து சட்டையையே பிடித்து இழுத்தாள். கிழிந்தால் கிழியட்டும் என்று இன்னும் உருகினார்.

"ஒரு வீடுன்னா சண்டை வராதா? அதுக்காக வீட்டை விட்டே போயிடுறதா? நீங்க இல்லாம எங்க கதி என்னன்னு நினைச்சுப் பாருங்க. அதிகம் கேக்கல. இன்னும் ரெண்டே வருஷம் எங்களோட இருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

சொன்னபடியே கும்பிட்டார். குரல் உடைந்து, கன்னத்தில் நீர் வழிந்தது. வேலை போகிற பயத்தில் வந்த அசல் கண்ணீர்.

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. மனம் திருந்துகிறவர்கள் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள் என்று அமைப்பாளர் எண்ணிக்கொண்டார்.

விசும்பல் கேட்டுத் திரும்பினார். பெரியவர் பூச்செண்டில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். நடுநிலையாக இருக்கவேண்டிய பேராசிரியரையே கரைத்துவிட்டோமே என்று அமைப்பாளருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெரியவர் எழுந்துவந்து, அவர் சட்டையில் குத்தியிருந்த பேரவை பேட்ஜை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"பணி நீட்டிப்பு தர்றோம்னு நிர்வாகம் கேட்டப்பகூட வேணாம்னுட்டேன். தேசிய மாணவர் பேரவையே ஆள் அனுப்பிக் கெஞ்சும்போது எப்படிப்பா போவேன்? இன்னும் ரெண்டு வருஷம் இந்த ஹாஸ்டலுக்கு நான்தான் வார்டன்."