காகிதம் தொடாத கத்தரிக்கோல்

மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த கண்ணாடிக்காரர் முதலில் பார்த்தது கத்தரிக்கோலைத்தான்.

சாப்பாட்டு மேசையில், ஒரு கிண்ணம் தண்ணீருக்குப் பக்கத்தில் கிடந்தது. மனைவி தையலுக்கு வைத்திருப்பது. கறுப்புப் பிடி.

கிண்ணத்தில் தபால்தலைகள் மிதந்தன.

“போச்சு, சீக்கிரம் வந்துட்டீங்களே மாமா! எல்லாத்தையும் ஒட்டிட்டுக் காட்டலாம்னு இருந்தேன்” என்றாள் மருமகள்.

கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான். பல் மருத்துவமனையில் வேலை. மாமனார் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது அவளுக்குப் பெரிய குறை. மனுஷர் போன வருடத்திலிருந்து யாரிடமுமே அப்படித்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று விடுப்பு எடுத்து, அந்தக் குறையைத் தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருந்தாள். ஆடுகிற பல்லைத் தொடுகிற பதத்தில் ஒவ்வொரு தபால்தலையாக இடுக்கியால் எடுத்துத் துண்டின்மேல் காயப்போட்டாள். பக்கத்தில் புத்தம்புதிய தபால்தலை ஆல்பம். ரிப்பன்கூடக் கட்டியிருந்தது.

கண்ணாடிக்காரர் சேர்த்தது தபால்தலை அல்ல. உறை.

விமானம் பெருகுவதற்கு முன்னால் கடல் கடந்து ஆட்களைக் கொண்டுபோன பெரிய பயணிகள் கப்பல்கள். அவை முதன்முதலாகப் புறப்பட்டதன் நினைவாக, கடைசியாகக் கரை சேர்ந்ததன் நினைவாக, உடைக்கப்பட்டதன் நினைவாகக்கூட உறை வெளியிடுவார்கள். இடது பக்கம் கப்பலின் படம். வலது மூலையில் தபால்தலை. தபால்தலைமேல் பாதியும் உறைத் தாள்மேல் பாதியுமாக முத்திரை. எல்லாம் சேர்ந்து முழுசாக இருந்தால்தான் உறை. கத்தரி பட்டால் கதை முடிந்தது.

இதைக் கல்யாணமான முதல் வாரமே மனைவியிடம் சொல்லியிருந்தார். என் உறையில் கத்தரி படக் கூடாது.

அவளும் சளைக்கவில்லை. என் கத்தரியில் காகிதம் படக் கூடாது என்றாள். துணி வெட்டுகிற கத்தரி காகிதத்தில் பட்டால் மழுங்கிவிடும். மகன் சின்ன வயதில் ஒருமுறை காலண்டர் தாளை வெட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தெருவுக்கே கேட்டது.

இந்த இரண்டு சட்டத்தில்தான் அந்தக் குடும்பம் ஓடியது.

உறைகளை அனுப்பியது கடலுக்கு அப்பால் ஒரு துறைமுகத்தில் இருந்த நண்பர். இங்கே வெளியாவதை இவர் அங்கே அனுப்புவார். அங்கே வெளியாவது இங்கே வரும். உள்ளே கடிதம் இருக்காது. வளையாமல் இருக்க ஓர் அட்டை, அவ்வளவுதான்.

“அவரு அனுப்பிட்டாரு” என்பார் கண்ணாடிக்காரர், தபாலைப் பார்த்ததும். நண்பர் என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன வருடம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அவரு தவறிட்டாராம்” என்றார். பிறகு சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கை காய்ந்த பிறகு மனைவி வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அப்போதும் எதுவும் கேட்கவில்லை.

இனிமேல் ஓர் உறையும் வராது. பீரோவில் இருந்ததுதான் மொத்தமும்.

“அத்தைதான் சொன்னாங்க” என்றாள் மருமகள். “மாமாவுக்கு ஸ்டாம்ப்னா உயிரு, பிரிச்சு ஒட்ட நேரமில்லாம பூட்டியே வெச்சிருக்காருன்னு. பீரோ சாவி, கத்தரிக்கோல், எல்லாம் அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க. கப்பல் படத்தையும் அழகா வெட்டி வெச்சிருக்கேன், ஸ்டாம்புக்குப் பக்கத்துலயே ஒட்டிடலாம்.”

கண்ணாடிக்காரருக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. மருமகளின் முகத்தைப் பார்த்தார். பரிசைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முகம்.

“நல்லாருக்கும்மா” என்றார்.

“கப்பல் கவுந்த மாதிரி ஏன் நிக்கறீங்க? கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.” சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

அவர் கை கழுவப் போகவில்லை.

“மிச்சம் எங்கம்மா?”

“மிச்சமா?” மருமகள் மேசைக்கு அடியில் இருந்த குப்பைக்கூடையைக் காட்டினாள்.

முட்டிவலியையும் பார்க்காமல் அவர் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டார். அட்டைகளை ஒதுக்கினார். கீழே நீள நீளமான காகிதத் துண்டுகள். ஒன்றை எடுத்து, சுருக்கம் நீவி, தொடைமேல் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

“ஐயோ மாமா, அதுல வெறும் அட்ரஸ்தான் இருக்கு. உங்க பேரும் நம்ம தெருவும். கப்பலெல்லாம் பத்திரமா இங்க இருக்கு, பாருங்க!”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாத் துண்டிலும் அவருடைய பெயர். நீல மை. எல்லாம் ஒரே கை எழுதியது.

சமையலறையிலிருந்து வந்த மனைவி மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். முந்தானையில் துடைத்து, கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்தாள். நன்றாகவே மழுங்கியிருந்தது.

மருமகள் பதறிப்போய்க் குனிந்து, கூடையைப் பிடுங்கப் பார்த்தாள்.

“விடும்மா, பொறுக்கிக்கட்டும்” என்றாள் மாமியார். “அவ எழுத்தாச்சே.”