மூவாயிரம் வயசு

"இன்னும் கொஞ்சம் வயசு ஏத்தணும் மாமா. கன்னம் ரெண்டும் பளபளன்னு இருக்கு" என்றான் மச்சினன். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பஞ்சை டீத்தண்ணியில் முக்கி இன்னொரு முறை ஒத்தி எடுத்தார்.

கன்னம் என்று அவன் சொன்னது கல்லின் இரண்டு பக்கங்களை. ஆள் உயர சிமென்ட் கல், முந்தாநாள்தான் வார்த்தது. நாளை விடிவதற்குள் அதற்கு மூவாயிரம் வயசு ஆகியாக வேண்டும்.

அந்த இடத்தில் ஒரு பழங்காலக் கல் நின்றது குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். சுற்றிலும் நாலு மாடிக் கட்டடங்கள் எழும்பியபோதுகூட அதை யாரும் அசைக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தின் நடுவில் அதற்கென்று ஒரு கட்டம் ஒதுக்கி, தொட்டால் ஜெயில் என்று தொல்லியல் துறை போர்டும் வைத்திருந்தது.

போன வாரம் மாஸ்டர் ரிவர்ஸ் எடுத்தார். கல் மூன்று துண்டு.

துண்டுகள் இப்போது அவர் கட்டிலுக்கு அடியில். 'இருபத்திரண்டு வருஷம், ஒரு கீறல் இல்லை' என்று காரின் முதுகில் எழுதி ஓட்டுகிற மனுஷன். விஷயம் வெளியே வந்தால் ஜெயில் ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கப்புறம் எவன் அவரிடம் ஸ்டியரிங் பிடிக்க வருவான்?

அதனால்தான் எல்லாரும் வேலைக்குப் போன மதிய நேரத்தில், இடித்த அன்றே கட்டிய தார்ப்பாயில் பராமரிப்பு வேலை என்று அட்டை தொங்கவிட்டு, கொத்தனார் மச்சினனோடு உள்ளே மேக்கப் நடந்துகொண்டிருந்தது.

"நாளைக்குக் கல்லைப் பார்க்க வர்ற தொல்லியல் அதிகாரி கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபிடிச்சா நான் கொத்து வேலையையே விட்டுடறேன் மாமா."

"நீ வேலையை விட்டுடுவே. என்னைத் தூக்கி உள்ளே வச்சிடுவாங்களேடா!"

"உள்ளே ஒரு நல்லது இருக்கு மாமா. ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்காது."

மறுநாள் காலை அதிகாரி வந்தார். வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவர். வழக்கம்போல் ஜீப்பைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, உச்சி வேர்க்க நடந்து வந்தார். உள்ளே எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் கல் பக்கம் வண்டியைக் கொண்டுவர மாட்டார். என்ன ஒரு மரியாதை என்று குடியிருப்பே மெச்சிக்கொள்ளும்.

டேப் பிடித்து அளந்தார். சரியாக இருந்தது. விரல் முட்டியால் தட்டினார். குந்தி உட்கார்ந்து அடிப்பக்கத்தைத் தடவினார். தடவிக்கொண்டே போன விரல் ஓர் இடத்தில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று கூட்டத்தை விரட்டினார். மாஸ்டர் மட்டும் கல்லை விட்டு நகரவில்லை.

"இது அந்தக் கல் இல்லையே" என்றார் அதிகாரி, தொண்டைக்குள்ளேயே.

தூரத்தில் நின்ற மச்சினன் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பி நீட்டினான்.

மாஸ்டர் பொலபொலவென்று கொட்டிவிட்டார். "சார், புள்ளகுட்டிக்காரன் சார். நான்தான் இடிச்சேன். பின்னாடி வந்துட்டிருந்தேன், ஒரு நொடி கண்ணாடியைப் பார்க்கல. உடைஞ்சிடுச்சு. யாருக்கும் தெரியக் கூடாதேன்னு சிமென்ட்ல ஒண்ணு பண்ணி நிக்க வச்சிட்டேன். போலீஸுக்கு மட்டும் போயிடாதீங்க சார்!"

அதிகாரி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரின் காதருகே குனிந்தார்.

"நீங்களும் ரிவர்ஸ்லதானா?"