மூன்றாவது பகுதி

"ஒரு கட்டளைக்கு ரெண்டு பகுதி போதும்லா. நடந்தா ஒண்ணு, நடக்கலைன்னா இன்னொண்ணு," என்றான் கோபிநாத்.

ஜொகூர் பாருவில் அவன் குழு உருவாக்கும் கணினி நிரல்மொழியில், பயன்படுத்துகிறவர்களே சொந்தக் கட்டளைகளை அமைத்துக்கொள்ளலாம். சோதித்துப் பார்க்க, பள்ளிக் கணினி மன்றம் ஒன்றுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ஒரு பிள்ளை மூணு பகுதி வெச்சிருக்கு சார்," என்றாள் உடன் வேலை செய்யும் பிரவீனா. "கட்டளையோட பேரு 'கதவு'. ஆறு மணிக்குள்ள திறந்தா, பாட்டுப் போடும். லேட்டா திறந்தா, 'ரோட்டுல ஜேம், பரவால்ல'ன்னு காட்டும்."

"கதவு திறக்கும், இல்லாட்டி திறக்காது. மூணாவது எதுக்கு? தூக்கிடுங்க."

"அதையும் படிக்கிறேன் சார். 'திறக்கவே இல்லைன்னா, லைட்டை அணைச்சிடு. நான் தூங்கிட்டேன்னு அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பு. அப்பாகூட சண்டை போட வேணாம்னு சொல்லு.'"

"அலமாக்! என்ன அப்பன்லா இவன்?"

பிரவீனா திரையை அவன் பக்கம் திருப்பினாள். அடியில் பெயர் இருந்தது: தர்ஷா த/பெ கோபிநாத்.

மகள் அந்த மன்றத்தில் சேர்ந்ததே அவனுக்குத் தெரியாது.

"மூணாவதைத் தூக்கிடவா சார்?" அவள் மெதுவாகக் கேட்டாள்.

மணி ஏழாகியிருந்தது. கோபிநாத் கார் சாவியை எடுத்தான். இன்றைக்கு இரண்டாவது பகுதிக்காவது போய்ச் சேர வேண்டும்.