அந்நியத்துக் காவல்

கடலை மூட்டையில் சாய்த்து வைத்த போனில் டாக்டர் இந்துமதியின் முகம் தெரிந்ததுமே மருதாயி கையை நீட்டினாள்.

"என்னையவே எடுத்துக்கங்கம்மா. எந் தம்பி மகளுக்கு எங்க ரத்தந்தான் சேரும்."

தம்பி மகள் இளமதி சென்னை ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்தாள். யாருடைய ஸ்டெம் செல்லைச் செலுத்துவது என்று இன்று முடிவாக வேண்டும். தேர்வு தவறினால் நோய் திரும்பிவிடும்.

முழுப் பொருத்தம் யாருக்கும் இல்லை. அப்பா கண்ணுசாமி இதய நோயாளி. பாதிப் பொருத்தத்தோடு மிஞ்சியவர்கள் அத்தை மருதாயியும் அம்மா அமுதவல்லியும்தான்.

சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கும் அந்த ஆலங்குடி வீட்டில் அமுதவல்லி மட்டும் அந்நியம். மருதாயி அதை அவள் மறக்க விட்டதில்லை.

அம்மாதான் சரி என்றார் டாக்டர். மருதாயியின் முகம் சுருங்கியதைப் பார்த்து, பொறுமையாக விளக்கினார்.

ரத்தத்தில் காவல் செல்கள் சுற்றுகின்றன. செலுத்தும் ஸ்டெம் செல்லிலிருந்து இளமதியின் உடம்பில் கொடுத்தவரின் காவலே வளரும். எதிர்ப்படும் ஒவ்வொரு செல்லையும் அவை தொட்டுப் பார்க்கும். நம்முடையது என்ற அடையாளம் அதன் மேல் இருந்தால், காவல் செல்லின் மேல் கொக்கிபோல் இருக்கும் ஏற்பி அதைப் பற்றிக்கொள்ளும், காவல் அடங்கிவிடும். அடையாளம் இல்லாமல், நோயின் அறிகுறியும் தெரிந்தால் கொன்றுவிடும்.

இளமதியின் புற்றுச் செல்கள் அவளுடைய அடையாளங்களோடுதான் திரிகின்றன. மருதாயியின் காவல் தேடும் அடையாளங்கள் எல்லாம் அவற்றில் உண்டு. பார்த்ததும் அடங்கிவிடும்.

அமுதவல்லியின் காவல் இன்னோர் அடையாளத்தையும் எதிர்பார்த்து வளர்ந்தது. மகளுக்கு வாய்க்காத அடையாளம் அது. புற்றுச் செல்லில் அதைக் காணாததால் அடங்காது, கொன்றுவிடும்.

மகளின் நல்ல உறுப்புகளையும் அடித்துவிடுமோ என்று பக்கத்தில் நின்ற அமுதவல்லி கேட்டாள். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நோயின் அறிகுறி காட்டாத செல்லை இந்தக் காவல் பெரும்பாலும் விட்டுவிடும் என்றார் டாக்டர்.

போன் அணைந்தது.

மருதாயி, வாசலில் விசாரிக்க வந்து நின்ற சொந்தக்காரர்களிடம் போய்க் குரலை உயர்த்தினாள்.

"எங்க அமுதவல்லிதான் குடுக்குறா. இதுக்குத்தான அன்னைக்கே அந்நியத்துல பாத்துப் பொண்ணெடுத்தோம்."

உள்ளே சென்னைக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்த அமுதவல்லிக்கு அது கேட்டது.

அறந்தாங்கிப் பதிவு அலுவலகத்தில் அவளும் கண்ணுசாமியும் கையெழுத்துப் போட்ட அன்று, இந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அவள் திருத்தப் போகவில்லை. இன்னும் யாராவது வந்து கேட்கட்டும், மருதாயி மறுபடியும் சொல்லட்டும் என்று, பையை மெதுவாகவே அடுக்கினாள்.