உறைமோர்

நான்கு கண்டங்களைச் சுற்றும் அந்தச் சொகுசுக் கப்பலில் உமையாள் ஒரு நாள்கூடத் தயிர் உறையூற்றத் தவறியதில்லை. காரைக்குடியில் டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்த உறைமோர், நேற்றைய தயிரிலிருந்து இன்றைய தயிராக, கடல் கடலாக உயிரோடு வந்தது. பனிமலைகள் மிதக்கும் தென்கோடிக் கடலில் பால் உறைய மறுத்தபோது கிண்ணத்தைப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு படுத்தாள். அது உறைந்தும்விட்டது.

மறுநாள் மாலை உலாவிவிட்டு வந்தால் கிண்ணம் காலி. கணவர் சாத்தப்பன் மீசையைத் துடைத்துக்கொண்டார். "கரைச்சுக் குடிச்சிட்டேன் ஆச்சி. அமிர்தம்!"

"நல்லாக் குடிச்சீக! உறைக்கு ஒரு சொட்டு வைக்கத் தோணலையா?"

உமையாள் காலிக் கிண்ணத்தோடு எதிர் அறைக்கு ஓடினாள். அங்கிருந்த லிஸ்பன்காரி தெரேசாவுக்குப் போன வாரம்தான் ஒரு கரண்டி உறைமோரும், அதற்குரிய சாஸ்திரங்களும் கொடுத்திருந்தாள். கதவு திறந்தது. மேசை விளக்கின் வெளிச்சத்தில் ஒரு கோப்பை நிறையக் கட்டித் தயிர்; கவிழ்த்தாலும் விழாது. காரைக்குடித் தயிரேதான். உமையாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிண்ணத்தை நீட்டினாள்.

தெரேசா கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். உமையாளிடம் கற்றுக்கொண்ட தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள். "விளக்கு வச்சப்புறம்... தயிர்... குடுக்கக் கூடாது."

உமையாள் சிரித்தபடி ஜன்னலைக் காட்டினாள். பனிமலைக்கு மேல் கோடைச் சூரியன் அசையாமல் நின்றது. "அந்தா பாரு, பொழுதே சாயலை!"

தெரேசா சூரியனைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கை நீட்டி, மேசை விளக்கை அணைத்தாள்.