பிரம்பு மேடம்

“கிளையண்ட் வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? ஆலோசனை இந்த அறைக்குள்ளதான்!”

பிரம்பு மேடத்தின் குரல் கதவைத் தாண்டி வந்து, வெளியே காத்திருந்த இவளையும் சுட்டது.

உள்ளேயிருந்து தொங்கிய முகத்தோடு வந்தாள் தோழி. “காய்ச்சல்னு சொன்னாங்களேன்னு ஒரு எட்டு பார்க்கப் போனேன். அதுக்கு இந்த அர்ச்சனை! போ, பிரம்புக்கு இன்னிக்கு எண்ணெய் பூசியிருக்கு.”

அந்த மையத்தின் மனநல ஆலோசகர்கள் வாரம் ஒருமுறை தங்கள் கேஸ்களை மேடத்திடம் சொல்லிக் கலந்து பேச வேண்டும். கிளையண்ட்டின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. மேடத்துக்கு இவளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. கையில் பிரம்பெல்லாம் கிடையாது, நாக்கே போதும்.

பிரசவ விடுப்பு முடிந்து போன மாதம்தான் வேலைக்குத் திரும்பியிருந்த இவள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“என்ன கேஸ்?”

“புது கிளையண்ட், மேடம். கைக்குழந்தைக்காரி. குழந்தையைக் குளிப்பாட்டவே பயப்படுறா. கை நழுவிடுமோன்னு நடுக்கம். தண்ணியைக் காய வெச்சு, அது ஆறிப் போற வரைக்கும் பார்த்துட்டே நின்னு, கடைசியில ஈரத்துணியால துடைச்சு விட்டுடுறா.”

“வீட்ல வேற யாரு?”

“புருஷனுக்கு வெளியூர் வேலை. மாமியாருக்குப் போன் பண்ணினா, ‘நான் நாலு பெத்தவ’ன்னு ஆரம்பிச்சிடுவாங்க.”

“குழந்தையை ஏதாவது பண்ணிடணும்னு தோணுதா?”

“ஐயோ, இல்ல மேடம்! அவனுக்கு ஏதாவது ஆயிடுமோங்கிற பயம்தான்.”

“நல்லா தூங்குறானா?”

“வலது தோள்ல போட்டாத்தான் தூங்குவான். இடது தோள்னா ஊரையே கூட்டிடுவான்.”

மேடத்தின் பேனா நின்றது.

“இதையெல்லாம் அவங்க சொல்லும்போது, உங்க மனசுல என்ன ஓடுச்சு?”

எல்லா கேஸுக்கும் மேடம் கேட்கிற கேள்விதான். இவளும் டக்கென்று பதில் சொல்கிறவள்தான். இன்று கையிலிருந்த குறிப்பு நோட்டைப் புரட்டினாள்.

“சரி. இந்தக் கேஸ் உங்களுக்கு வேண்டாம்.”

“மேடம்! பாவம் மேடம் அவ. ஒரு நல்ல அம்மாவா இருக்க அவளால முடியுமா? அதையாவது சொல்லுங்க.”

மேடம் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சே, இதெல்லாம் ஒரு மனுஷியா?

“டாக்டரம்மா, திங்கட்கிழமை எனக்காகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க. புதுசா பெத்த பொண்ணு, ரொம்பப் பயந்திருக்கா. வர்றேன்னு சொன்னா, துணைக்கு நானும் வர்றேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“சனிக்கிழமை காலையில தண்ணியைக் காய வெச்சு வைக்கச் சொல்லுங்க. நான் வந்து பக்கத்துல கை கொடுக்கிறேன், அவங்களே குளிப்பாட்டட்டும்.”

“நீங்களா? கிளையண்ட் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு இப்பத்தானே அவளை அந்தப் பாடு படுத்தினீங்க?”

“கிளையண்ட் வீட்டுக்குத்தாம்மா போகக் கூடாது.” இவள் கையைப் பிரம்பு மேடம் பிடித்துக்கொண்டார். “உன் வீட்டுக்கு வரலாமில்ல?”