தொண்ணூற்றைந்து மார்க் வைன்

முதலில் தப்பு செய்தது தம்பிதான். சொந்த அண்ணி செத்த அன்றைக்குக்கூட அவன் எட்டிப் பார்க்கவில்லை. பெரியவருக்கு அவன் ஒரு மன்னிப்பு பாக்கி.

அதற்குப் பிறகு அவன் கதவிடுக்கில் போட்ட கடிதங்களையெல்லாம் அவர் பிரிக்காமலே கிழித்துப் போட்டார். இப்போது ஒரு சிவப்பு வைன் பாட்டிலை அனுப்பியிருந்தான்.

"ருசி பாக்கறவங்க நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு மார்க் போட்ட வைன் ஐயா," என்றார் கொண்டுவந்த கடைக்காரர். "திறந்தா வீடே மணக்கும். தனியாவா இருக்கீங்க?"

பெரியவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். தனியாகத்தான் இருக்கிறாரா என்று ஒரு மாதமாக அவருக்கே சந்தேகம்.

சாயங்காலம் ஜன்னல்களுக்குத் தாழ்ப்பாள் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு நடக்கப் போவார். திரும்பி வந்தால் பூட்டு பூட்டியபடி இருக்கும். ஜன்னல்கள் மட்டும் விரியத் திறந்திருக்கும். கேஸ் சிலிண்டரை யாரோ மூடியிருப்பார்கள். ஒரு சாமான்கூடத் தொலைந்ததில்லை.

ஜன்னல் திறப்பது மனைவியின் பழக்கம். "கொஞ்சம் காத்து வரட்டுமே" என்பாள்.

"நீதானா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். திரைச்சீலை அசைந்தது. அன்றிலிருந்து கட்டிலில் ஒரு ஓரமாகப் படுத்தார்.

வைனை டம்ளரில் ஊற்றினார். எழுபது வயதில் முதல் தடவை. முகர்ந்தார். ஒன்றுமில்லை. குடித்தார். புளித்தது, நாக்கைச் சுரண்டியது, அவ்வளவுதான்.

மணமாவது மண்ணாவது. இதிலும் ஏமாற்றியிருக்கிறான்.

பாட்டிலோடு கடைக்குப் போனார். "இது வைனா, சாயத் தண்ணியா?"

கடைக்காரர் மூடியைத் திறந்தார்.

"அடேயப்பா, என்ன வாசனை," என்றாள் கடைக்கோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள்.

பெரியவர் பாட்டில் வாயில் மூக்கை வைத்தார். காலிக் குடத்துக்குள் மூக்கை விட்ட மாதிரி இருந்தது.

"உங்க தம்பி சொன்னபடியே வந்துட்டீங்க," என்றார் கடைக்காரர். "கடுதாசி போட வந்தப்போ கதவிடுக்குல ஒரே கேஸ் நாத்தமாம். அண்ணனுக்கு மூக்கு போயிடுச்சு, நான் சொன்னா கேக்கமாட்டார், இந்த வைனை மோந்து பாத்தா அவருக்கே புரியும்னார். அண்ணி முன்ன குடுத்த சாவி அவர்கிட்ட இருக்காம். தினமும் நீங்க வெளிய போனதும் உள்ள வந்து, சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போறாராம்."

பெரியவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "அப்போ அவ இல்லையா?"

"யாரு ஐயா?"

பெரியவர் பாட்டிலை இறுக மூடினார். பிறகு கேட்டார்: "மன்னிப்புன்னு ஏதாச்சும் சொன்னானா?"

"எல்லாக் கடுதாசியிலயும் அதைத்தான் எழுதினாராம்."

"எழுதினா ஆச்சா? வாயால கேக்கணும்."

"சரிங்க. அந்தச் சாவியையாவது வாங்கிக் குடுத்துடட்டுமா?"

"வேண்டாம்," என்றார் பெரியவர். "மன்னிப்பு கேக்க வர்றப்போ அவனே தரட்டும். அதுவரைக்கும் அவன்கிட்டயே கெடக்கட்டும்."